கடற்கரைத் தெருவைப் பரிசோதித்த விபரம்

விசுவமடு,
ஆனி மாதம், புதன்கிழமை.

ரொறன்ரோவில் வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் இருக்கும் அன்பு மருமகன் செந்தூரனுக்கு, விசுவமடுவில் வெயிலுக்கும் உமது மாமிக்கும் நடுவில் இருக்கும் மாமா கனகலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாமியும் மாடுகளும் சுகம். அங்கே நீரும் மனைவி பிள்ளைகளும் அதேபோல் இருப்பீர்கள் என நம்புகிறேன். உமது அம்மாவும் நல்ல சுகம். அவர் இவ்வளவு சுகமாக இருப்பதுதான் இப்போது எங்கள் எல்லாருக்கும் பிரச்சினை.

போனில் சொல்லலாமே, ஏன் கடிதம் என்று நீர் யோசிப்பீர். உமது அம்மா, அதுதான் என் அக்கா, இங்கே வந்த நாள் தொடக்கம் என் போனுக்கு ஒரு காது கூடிவிட்டது. நான் 'ஹலோ' என்று தொடங்கும்போதே குசினிக்குள் இருந்து, "ஆர் தம்பி, செந்தூரனோ? என்னவாம்?" என்று குரல் வரும். வளவின் கடைசி மூலைக்குப் போய்க் கதைத்தாலும் வெங்காயம் உரித்துக்கொண்டு பின்னால் வந்து நிற்பார். ஆகவே மாட்டுக்கொட்டிலில் ஒரு கதிரையைப் போட்டு இதைக் கையால் எழுதுகிறேன். சந்தியில் உள்ள கொம்யூனிகேசன் கடையில் கொடுத்தால் படம் பிடித்து உமக்கு ஈமெயிலில் அனுப்புவார்கள்.

விசயத்துக்கு வருகிறேன். லீவில் நின்றுவிட்டு உம்மிடம் திரும்புவதாக வந்த அம்மா, பெட்டியை முழுதாகப் பிரிக்க முதலே, முல்லைத்தீவு ரவுணில் கடற்கரைத் தெருவில் ஒரு வீடு வாடகைக்கு இருக்கிறது, இனி அங்கேதான் இருக்கப்போகிறேன் என்று அறிவித்ததும், அதைக் கேட்டு நீர் நித்திரை இல்லாமல் எனக்குப் போன் எடுத்ததும், "மாமா, நீங்கள் கச்சேரியிலை அரசாங்க வேலை செய்த ஆள், நேரிலை போய்ப் பாத்து அந்த இடம் பாதுகாப்போ இல்லையோ எண்டு உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ" என்று கேட்டதும் உமக்கு ஞாபகம் இருக்கும். வாய் உள்ளதை உள்ளபடி என்று சொன்னாலும், 'இல்லை' என்று எழுதவேண்டும் என்பதுதான் உமது விருப்பம் என்பது குரலில் விளங்கியது. என் விருப்பமும் அதுவே. இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மார்கழியில் அந்தக் கடல் உமது அப்பாவைக் கொண்டுபோன பிறகு, நான் வேலைக்காக எத்தனையோ நாள் முல்லைத்தீவுக்குப் போயிருக்கிறேன், ஆனால் கச்சேரியோடும் சந்தையோடும் திரும்பிவிடுவேன். கடல் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பியதில்லை. எனவே பரிசோதகர் நடுநிலையானவர் அல்ல என்பதையும் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை புறப்பட்டோம். அம்மா சேலைக்குக் கீழே நீர் வாங்கிக்கொடுத்த வெள்ளைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கையை வீசிக்கொண்டு பஸ்ஸில் ஏறி, சாரதிக்குப் பின்னால் இருந்துவிட்டார். நான் குடை, தண்ணீர்ப் போத்தல், ரோச் லைற், சித்தாலேப தைல டப்பா, தெருநாய்களுக்கென்று ஒரு தடி ஆகியவற்றோடு ஏறப்போக, நடத்துநர் மறித்தார்.

"தடி என்னத்துக்கு ஐயா?"

"பாதுகாப்புக்கு."

"ஆரின்ரை பாதுகாப்புக்கு?"

தடியைத் தரிப்பிடத்தில் சாத்திவிட்டு ஏறினேன்.

வீட்டுக்காரர் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். மகளோடு இருக்க வவுனியாவுக்குப் போய்விட்டார். சாவி பக்கத்து வீட்டு ஸாலிஹா என்பவரிடம். அவருடைய கணவர் ஹலீம் அதே தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். இடம்பெயர்ந்து புத்தளத்தில் கனகாலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பம். ஸாலிஹா வாசல் படலையடியிலேயே நின்றார். "வாங்கோ அக்கா, வருவீங்கள் எண்டு நேற்றே உள்ளுக்கை கூட்டித் துடைச்சு வைச்சிட்டன்" என்று, பத்து வருடப் பழக்கம்போல உமது அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். கையைப் பிடித்தால் வீடு வாடகைக்கு எடுபட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் உள்ளே போகவில்லை. "நீங்கள் வீட்டைப் பாருங்கோ, நான் சுற்றாடலைப் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினேன்.

நீர் அனுப்பிய போனால் எல்லாவற்றையும் படம் எடுத்தேன். முதலாவது, தெருவிளக்கு. பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. பகலில் எரிகிற விளக்கு இரவில் எரியுமா என்ற சந்தேகத்தோடு எடுத்தேன். இரண்டாவது, மூடியில்லாத வாய்க்கால். அடுத்தது, தெருவின் நடுவில் படுத்திருந்த ஒரு மண்ணிற நாய். அதைப் படம் எடுத்ததும் அது எழும்பி உடம்பை உதறிவிட்டு, நான் அதற்கு ஏதோ வேலை கொடுத்ததுபோல என் பின்னாலேயே வரத் தொடங்கியது. தெருமுனையில் 'இங்கே குளிப்பது ஆபத்து' என்று மூன்று மொழியிலும் ஒரு பலகை. அதன்மேல் யாரோ குளித்துவிட்டு ஈரச் சேட்டைக் காயப்போட்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் சுனாமி வந்தால் ஓடவேண்டிய பாதையைக் காட்டுகிற பலகை. ஏதோ உழவு இயந்திரம் இடித்ததோ என்னவோ, கம்பம் திரும்பி, அம்புக்குறி நேரே கடலைக் காட்டிக்கொண்டு நின்றது. அந்த ஒரு படமே உமக்குப் போதும் என்று நினைத்து, கிட்டப் போய் இரண்டு தரம் எடுத்தேன். கடல் பக்கம் முகத்தைத் திருப்பாமல் எடுத்ததால் இரண்டும் தெளிவில்லை.

பிறகு களவு பற்றிய பகுதி. வீடுகளின் கேற்றுகளையும், கடை ஒன்றின் பின்கதவையும் படம் எடுத்து முடித்து, கள்ளன் ஒருவன் மதில் ஏறிக் குதிப்பது எவ்வளவு சுலபம் என்று அறிய ஒரு சீமெந்துக் கல்லின்மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். மிகவும் சுலபம். அப்போது பின்னால் ஒரு குரல்.

"என்ன ஐயா பாக்கிறீங்கள்?"

நல்ல உயரமான மனிதர், சாரமும் வெள்ளைச் சேட்டும், தாடி. நான் கல்லில் நின்றபடியே, "பாதுகாப்பைப் பாக்கிறன்" என்றேன்.

"நாங்களும் அதைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறம். நீங்கள் லைற் போஸ்ற்றைப் படம் எடுத்தீங்கள். சரியெண்டு விட்டம். எல்லாற்றை கேற்றையும் எடுத்தீங்கள். என்ரை கடையின்ரை பின்கதவை எடுத்தீங்கள். இப்ப மதிலாலை எட்டிப் பாக்கிறீங்கள். கீழை இறங்குங்கோ, விழுந்துபோவீங்கள்."

அவர்தான் ஹலீம் என்று எனக்கு அப்போது தெரியாது. கையைப் பிடித்து மரியாதையாக இறக்கி, மரியாதையாகத் தன் கடைவாசலுக்குக் கூட்டிப்போய், ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் மரியாதையாக இருத்திவிட்டு, நான் எழும்பிப் போக முடியாதபடி முன்னால் நின்றுகொண்டார். நாய் என் கதிரைக்குக் கீழே படுத்தது. ஒவ்வொருவராக ஆட்கள் கூடினார்கள். பாதிப் பேர் என்னைக் கள்ளன் என்று நினைத்தார்கள், மீதிப் பேர் காணி அளக்க வந்த அதிகாரி என்று நினைத்தார்கள். கள்ளன் என்று நினைத்தவர்கள் எனக்குத் தேத்தண்ணீர் தந்தார்கள். அதிகாரி என்று நினைத்தவர்கள் ஏச்சுத் தந்தார்கள். ஒரு அம்மா, பெயர் சிவரூபியாம், மீன் வெட்டிய கத்தியைக் கழுவவும் இல்லாமல் வந்து நின்று, "எங்கடை காணியைப் பற்றி எங்களுக்குச் சொல்லாமல் ஒண்டும் எழுதக்கூடாது. எழுதுறதெண்டால் முதல் அந்த வாய்க்காலுக்கு மூடி இல்லை எண்டு எழுதும்" என்றார். அதை ஏற்கெனவே படம் எடுத்துவிட்டேன் என்று சொல்லிப் போனைக் காட்டினேன். அவருக்குக் கொஞ்சம் மனம் இளகியது. ஆனால் அடுத்த படம் அவருடைய கேற்றாக இருந்துவிட்டது.

நான் விடவில்லை. பரிசோதகன் அல்லவா? கதிரையில் இருந்தபடியே, "அந்தச் சுனாமிப் பலகை கடலைக் காட்டிக்கொண்டு நிக்குது, அதை ஏன் ஒருத்தரும் திருப்பேல்லை?" என்று கேட்டேன்.

"எந்தப் பக்கம் ஓடவேணும் எண்டு இந்தத் தெருவிலை ஆருக்கும் பலகை தேவையில்லை ஐயா" என்றார் ஹலீம். "அது வெளியாக்களுக்கு."

"நான் வெளியாள்தானே?"

"அதுதான் ஐயா, உங்களை இருத்தி வைச்சிருக்கிறம்."

கடைசியில் நான் யார், யாரோடு வந்தேன் என்று வரிசைப்படி சொல்லவேண்டி வந்தது. அக்கா பக்கத்து வீட்டுக்குள் நிற்கிறார், அவரைக் கூப்பிட்டால் எல்லாம் வெளிக்கும் என்றேன். ஹலீம் மனைவியைக் கூப்பிட்டார். ஸாலிஹா தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து, "அக்காவோ? அவா வீட்டைப் பாத்து முடிச்சு, 'இதிலை ஒருக்கா நடந்திட்டு வாறன்' எண்டு அப்பவே கடற்கரைப் பக்கம் போட்டா. இன்னும் வரேல்லையோ?" என்றார். நான் உடனே போன் எடுத்தேன். அக்காவின் போன் ஸாலிஹாவின் குசினியில் மணி அடித்தது.

மருமகன், இதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கையிலிருந்த தேத்தண்ணீர் மடியில் ஊற்றுப்பட்டது. நான் ஹலீமின் சேட்டைப் பிடித்துக்கொண்டு, "என்ரை அக்காவுக்கு நீந்தத் தெரியாது. என்ரை அத்தான் இந்தக் கடலிலைதான்..." என்று தொடங்கினேன். அவருக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு, "வாங்கோடா!" என்று ஒரு சத்தம் வைத்தார். என்னை ஏசிக்கொண்டிருந்த சிவரூபி எல்லாருக்கும் முன்னால் ஓடினார். மத்தியானச் சமையலை விட்டுவிட்டு ஒருவர், முகத்தில் சவர்க்காரத்தோடு பாதிச் சவரத்தில் ஒருவர், சைக்கிளைப் போட்டுவிட்டு ஒருவர் என்று தெரு முழுவதும் ஓடியது. நாயும் ஓடியது. நான் என் வயதில் அப்படி ஓடலாம் என்று எனக்கே தெரியாது. கடல் அவ்வளவு கிட்ட இருக்கும் என்றும் தெரியாது. இரண்டு வளவு தாண்ட, அது எனக்கு முன்னால் நின்றது.

மணலில் உமது அம்மாவின் வெள்ளைச் சப்பாத்து இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. சுற்றிவர ஆள் இல்லை.

அதைக் கண்டதும் என் புத்தி என்னை விட்டுப் போய்விட்டது. "அக்கா!" என்று கத்திக்கொண்டு வேட்டியோடும் கண்ணாடியோடும் குடையோடும் நேரே தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். வந்த முதல் அலை முழங்காலில் அடித்தது, அடுத்தது வாயில் அடித்தது. பிறகு எது வானம், எது மணல் என்று விளங்கவில்லை. உப்பைத் தவிர வேறொன்றும் நினைவில்லை. யாரோ சேட்டுக் கொலரில் பிடித்தார்கள், யாரோ காலில் பிடித்தார்கள். கரையில் குப்புறப் போட்டு முதுகில் குத்தினார்கள். கண்ணைத் திறந்தபோது கண்ணாடி இல்லை, குடை இல்லை, இடுப்பில் வேட்டியும் இல்லை. சிவரூபி மறுபக்கம் திரும்பி நின்றார். ஹலீம் ஓடிப்போய்த் தன் வீட்டுக் கொடியில் கிடந்த ஒரு சாரத்தைக் கொண்டுவந்து சுற்றிவிட்டார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு குரல் வந்தது:

"ஆரோ கடலிலை விழுந்திட்டினமாம் எண்டு ஓடி வாறன், நீயோடா!"

உமது அம்மா. சேலையை இழுத்துச் செருகி, கையெல்லாம் மணலும் நாரும். வள்ளங்களுக்கு அப்பால், கொஞ்சம் தள்ளிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஆட்களோடு சேர்ந்து இவரும் கயிறு பிடித்திருக்கிறார். சப்பாத்துக்குள் மண் போகும் என்று கழற்றி வைத்தாராம். வலையின் சொந்தக்காரர், கிருசாந்தன் என்று ஒரு தாட்டியான மனிதர், பின்னால் வந்து கையைப் பிசைந்தார். "நான் வேண்டாம் எண்டுதான் சொன்னனான் ஐயா, அவா கேக்கேல்லை. 'நீங்கள் இழுக்கிறது சரியில்லை, எல்லாரும் ஒரேநேரத்திலை இழுங்கோ' எண்டு எங்களுக்கும் ஏச்சு" என்றார். அவருக்கு என் மேல் கோபம் வந்திருக்கவேண்டும், ஏனென்றால் எல்லாரும் என்னைப் பார்க்க ஓடி வந்ததில் வலையின் ஒரு பக்கம் அவிழ்ந்து மீனில் பாதி திரும்பிப் போய்விட்டது. ஆனாலும் அம்மாவின் பங்கு என்று ஒரு பையில் சூடை மீன் கட்டிக் கொடுத்தார்.

கொஞ்சம் மூச்சு வந்ததும், கவிழ்த்து வைத்திருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் அக்காவும் நானும் இருந்தோம். நான் நல்லாக ஏசினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "முடிஞ்சுதோ?" என்றார். பிறகு சொன்னதை உமக்கு எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுதுகிறேன். உள்ளதை உள்ளபடி என்று கேட்டவர் நீர்தான்.

"போன மாசியிலை நான் குளியலறையிலை வழுக்கி விழுந்தனான் தம்பி. எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு. எழும்ப ஏலாமல் போச்சு. கத்திப் பாத்தன். பதினாலாம் மாடியிலை ஆருக்குக் கேக்கும்? பின்னேரம் பிள்ளையள் வர முதல் சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு எழும்பி, உடுப்பு மாத்தி, அவைக்குத் தேத்தண்ணியும் போட்டு வைச்சிட்டன். ஒருத்தருக்கும் தெரியாது."

"ஏன் செந்தூரனுக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் பாவம், அவன் வேலையை விட்டுப்போட்டு வீட்டிலை நிப்பான். இல்லாட்டிக் கழுத்திலை ஒரு பொத்தானைக் கட்டிவிடுவான், அதை அமத்தினால் எங்கையோ இருந்து ஒரு பெட்டை இங்கிலீசிலை சுகம் கேப்பாளாம். அவன் நல்ல பிள்ளை. அவனிலை ஒரு பிழையும் இல்லை. ஆனால் அவன்ரை வீட்டிலை நான் நோயாளி. உன்ரை வீட்டிலை விருந்தாளி, உன்ரை மனிசி என்னை ஒரு கோப்பை கழுவ விடுறாவே? எனக்கெண்டு ஒரு கேற்றை நானே திறந்து நானே பூட்டவேணும். அவ்வளவுதான்."

"அதுக்கு இந்தக் கடல்தானோ கிடைச்சுது? இதிலை உங்களுக்குக் கோவம் இல்லையோ?"

அவர் கடலைப் பார்க்கவில்லை. மீன்பையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். "கோவம்தான். நான் இதோடை கொஞ்சிக் குலாவ வரேல்லை. ஆஸ்பத்திரி கிட்ட, சந்தை கிட்ட, பஸ் கிட்ட. நான் பாத்தது அதைத்தான். கடல் அதுபாட்டுக்கு அங்காலை கிடக்கட்டும்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இண்டைக்கு நான் காணாமல் போய் எவ்வளவு நேரம் இருக்கும்?"

"அரை மணித்தியாலம் வராது."

"அதுக்குள்ளை ஆர் ஆர் தேடி வந்தவை எண்டு பார்."

பார்த்தேன். கண்ணாடி இல்லாததால் முகங்கள் தெரியவில்லை. ஆனால் ஒருவரும் போகவில்லை. யாரோ என் சேட்டைப் பிழிந்து வள்ளத்தின்மேல் விரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ இடுப்பளவு தண்ணீரில் நின்று என் குடையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சவர்க்கார முகத்துக்காரர் அந்த முகத்தோடேயே நின்றார். நான் சாரத்தின் நுனியால் கண்ணைத் துடைத்தேன். உப்புத் தண்ணீர் பட்டதால் என்று அக்காவிடம் சொன்னேன்.

மருமகன், அம்மா விழுந்த கதையை எழுதியது உம்மைக் குற்றம் சொல்ல அல்ல. மாதாமாதம் எங்களுக்கு என்ன செய்கிறீர், அம்மாவை எப்படிப் பார்க்கிறீர் என்று இந்த ஊருக்கே தெரியும். ஆனால் இது தெரியாமல் நீர் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று எனக்குப் பட்டது. இப்போது அழவேண்டாம். அம்மாவுக்குப் போன் எடுத்து இதைக் கேட்கவும் வேண்டாம், கேட்டால் எனக்கு இங்கே சோறு கிடையாது.

இனித் தீர்ப்பு. பரிசோதித்தவன் நான், பொறுப்பும் என்னுடையது. தெருவிளக்கு நம்ப முடியாதது, வாய்க்கால் திறந்தது, மதில்கள் உயரமில்லாதவை, நாய் கடமை தெரியாதது, பலகை கடலுக்குள் போகச் சொல்கிறது, கடலின் இழுவை கடுமையானது என்பதை நானே குடித்துப் பார்த்திருக்கிறேன். தெருவாசிகளோ, முன்பின் தெரியாத ஒருவருக்காகக் கடையையும் அடுப்பையும் திறந்தபடி விட்டுவிட்டு ஓடுகிறவர்கள். அந்த நேரம் உண்மையான கள்ளன் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆகவே அந்த இடம் பாதுகாப்பில்லை என்பதே என் முடிவு. அம்மாவை அங்கே அனுப்பமாட்டேன். அவர் விசுவமடுவில் என் வீட்டிலேயே என் பொறுப்பில் இருப்பார், தேவையானால் கோப்பை கழுவ அனுமதிக்கும்படி மாமியிடம் கதைக்கிறேன். நீர் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்.

மருமகளுக்கு எங்கள் அன்பு. பேரப்பிள்ளைகள் இருவரும் படிப்பிலும் உயரத்திலும் வளர்ந்து, எங்களோடு தமிழில் சண்டைபிடிக்கும் அளவுக்குத் தேறி வரவேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டிருக்கிறேன். உமக்கும் வேலை குறைந்து ஆயுள் கூடட்டும்.

இப்படிக்கு,
உமது நலனில் என்றும் கவலையாகவே இருக்கும் மாமா,
க. கனகலிங்கம்.

பின்குறிப்பு: இதை முடித்துக் கையெழுத்தும் வைத்த பிறகு ஸாலிஹா போன் எடுத்தார். எங்கள் முடிவைக் கேட்கப்போகிறார், எப்படி முகம் நோகாமல் மறுப்பது என்று நான் யோசிக்க, அவர் சொன்னார்: "ஐயா, குறை நினைக்காதேங்கோ. தெருவிலை புதுசா ஆக்கள் வந்தால் நாங்களும் ஒருக்கா விசாரிக்கிறனாங்கள். இவர் கச்சான் கடலை எடுக்கிற கடை உங்கடை விசுவமடுச் சந்தியிலைதான், அங்கை கேட்டவர். அக்காவிலை ஒரு குறையும் இல்லையாம். உங்களைப் பற்றித்தான், நல்ல மனுசன், ஆனால் சும்மா பயப்பிட்டு மற்றாக்களையும் ஓடவைப்பார் எண்டு சொல்லிச்சினமாம். இருந்து யோசிச்சம். பரவாயில்லை, அக்கா வரலாம்." நான் வாய் திறக்க முதல், பின்னால் வெங்காயத்தோடு நின்ற அம்மா போனை வாங்கி, "நாளைக்கு வாறம்" என்று சொல்லிவிட்டார். இப்போது பெட்டி கட்டுகிறார். மாமி ஒரு மூட்டை அரிசியும் இரண்டு பானையும் கட்டிவிட்டார், என் உடுப்பையும் ஏன் சேர்த்துக் கட்டினார் என்று நான் கேட்கவில்லை. முன்னறையில் நான் கொஞ்ச நாள் படுத்து, அம்மாவுக்கு எல்லாம் சரிதானா என்று பார்க்கப்போகிறேன். ஹலீம் ஒரேயொரு நிபந்தனை போட்டிருக்கிறாராம்: தெருவில் யாராவது கூட வராமல் ஐயாவைத் தனியே கடற்கரைக்கு விடக்கூடாது. ஆகவே மேலே 'பாதுகாப்பில்லை' என்று நான் எழுதிய இடத்தில் 'மாமாவுக்கு' என்ற சொல்லை முன்னால் சேர்த்து வாசிக்கவும்.